மூச்சுச் சீர்

நறுமுகையைப் பெண் பார்க்க வந்தவர்கள் அவளைப் பாடச் சொல்லவில்லை, ஊதச் சொன்னார்கள்.

முற்காலத்தில் பெண் பார்க்கும் சடங்கில் பெண்ணை ஒரு பாட்டுப் பாடச் சொல்லிக் கேட்பார்களாம். அந்த வழக்கம் ஒழிந்தது நல்லதென்றே எல்லோரும் சொன்னார்கள். ஒழிந்த இடத்தில் எது வந்து அமர்ந்தது என்பதைத்தான் யாரும் உரக்கச் சொல்லவில்லை. மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவரும் தாம்பாளத்தில், வெற்றிலைக்கும் மல்லிகைப் பூவுக்கும் நடுவே, முழ நீளத்தில் ஒரு கண்ணாடிக் குழாய் இருக்கும். குழாய்க்குள் ஒரு மஞ்சள் பந்து. அடியில் வாய் வைத்து ஊதினால் பந்து மேலே ஏறும். ஊதுகிறவளின் நெஞ்சில் எவ்வளவு மூச்சு இருக்கிறதோ அவ்வளவு உயரம் ஏறி, அவ்வளவு நேரம் நிற்கும். பந்துக் குழாய் என்று அதற்குப் பெயர். "சும்மா ஒரு விளையாட்டுக்குத்தானுங்க" என்று சிரித்தபடியே அதை எடுத்து நீட்டுவார்கள்.

ஒட்டன்சத்திரத்தில் நறுமுகையின் வீட்டிலும் அப்படித்தான் நீட்டினார்கள். சமையலறை வாசலில் நின்ற அவளுடைய தாய், கண்ணாலேயே மகளுக்கு ஜாடை காட்டினாள். 'பாதி ஊது, போதும்' என்பது அதன் பொருள். பெண்ணைப் பெற்றவர்கள் எல்லோரும் தத்தம் மகள்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் அது. ஆனால் நறுமுகை மாவட்டக் கபடி அணியில் ஆடியவள். மூச்சை அடக்கிப் பாடிக்கொண்டே எதிரணிக்குள் புகுந்து, நான்கு பேரைத் தொட்டுவிட்டுத் திரும்பி வருகிறவள். அப்படிப்பட்டவளிடம் ஒரு பந்தைக் காட்டி ஊதச் சொன்னால் பாதியோடு நிறுத்துவாளா? வேண்டுமென்றே தோற்பது அவள் கற்றுக்கொள்ளாத வித்தை.

ஊதினாள். பந்து 'டக்'கென்று உச்சி மூடியில் மோதி அங்கேயே நின்றது. அவள் நிறுத்திய பிறகுதான் இறங்கியது.

கூடத்தில் கைதட்டல் எழுந்தது. மாப்பிள்ளையின் தாய் புவனேஸ்வரி எழுந்து வந்து அவள் கன்னங்களை வழித்து நெட்டி முறித்தாள். பல்லடத்தில் நூற்பாலை நடத்திவந்த மாப்பிள்ளையின் தந்தை லோகநாதன், தொடையில் தட்டிச் சிரித்தார். "என்ன நெஞ்சுங்க இது! எங்க மில்லுக் கம்ப்ரசருகூட இப்படி ஊதாதுங்க!"

தன் விளையாட்டைத்தான் அவர்கள் மெச்சினார்கள் என்று நறுமுகை நம்பினாள். அன்று அவள் செய்த பிழை அது ஒன்றுதான்.

*

பந்துக் குழாய் தாம்பாளத்துக்கு வந்த கதையைச் சொல்ல வேண்டுமென்றால் 'துளிர்' என்ற மருந்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். திருமணமான மறுவருடம், புவனேஸ்வரிக்கு மூச்சுத்திணறல் முற்றிக் கோவையில் ஒரு பெரிய மருத்துவமனையில் சேர்த்தபோது, அங்கிருந்த அறுவை மருத்துவர் அதை நறுமுகைக்கு மிக நயமாக விளக்கினார்.

"பயப்படவே வேண்டாம்மா. முன்னாடியெல்லாம் செத்துப்போனவங்க நுரையீரல்தான் ஒரே வழி. அதுக்குக் காத்திருந்தே பாதிப் பேர் போயிடுவாங்க. துளிர் வந்ததும் அந்தத் தட்டுப்பாடே இல்லைன்னு ஆயிடுச்சு. நுரையீரல்ல அஞ்சு மடல் இருக்கு. உங்ககிட்டயிருந்து ஒண்ணே ஒண்ணு எடுத்து அத்தைக்கு வெப்போம். மருந்து போட்டா, அவங்களுக்கு வெச்ச துண்டு பெருகி நெஞ்சை நிறைச்சுடும். உங்களுக்கு வெட்டின இடத்துல புதுசாத் துளிர்த்துடும். யாருக்கும் நஷ்டமில்லை."

"சொந்த ரத்தமாத்தான் இருக்கணுமுங்களா, டாக்டர்?"

"ரத்த வகை சேர்ந்தாப் போதும்மா. மத்ததை மருந்து பார்த்துக்கும். அதனாலதான் மருமகள்களே தாராளமாத் தர்றாங்க."

நறுமுகை மனமுவந்தே கொடுத்தாள். அதை இங்கே மறைக்க வேண்டியதில்லை. புவனேஸ்வரி நல்ல மாமியார். மருமகள் மைதானத்திலிருந்து புழுதியோடு வந்தால் வெந்நீர் காய்ச்சி வைப்பவள். அந்த முகம் நீலம் பாரித்துக் கிடந்ததைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவளால் முடியவில்லை.

அறுவைக்கு முந்தைய நாள் மூச்சுச் சீர் நடந்தது. வளைகாப்பைப் போலவே அதுவும் பிறந்த வீட்டாரின் பொறுப்பு. பட்டுப் புடவை, மஞ்சள் குங்குமம், பலகாரத் தட்டுகள், வெள்ளியில் சின்னஞ்சிறு பந்து கோத்த சங்கிலி. நடுவில் உட்காரவைத்து, நெஞ்சில் சந்தனம் தடவி, சுமங்கலிகள் ஆரத்தி எடுத்தார்கள். வந்திருந்தவர்கள் ஒவ்வொருவரும் அவளைத் தெய்வம் என்றார்கள். எந்த வீட்டிலாவது ஓர் ஆணுக்கு மூச்சுச் சீர் நடந்ததுண்டா என்று யாரும் கேட்கவில்லை. சீர் என்றாலே புடவைதானே. ஆணுக்கு எப்படிப் புடவை வைப்பது என்று ஊர் அதை அத்தோடு முடித்துக்கொண்டது.

மருத்துவர் சொன்னபடியே மடல் வளர்ந்தது. ஸ்கேன் படத்தில் நெஞ்சு நிறைய நுரையீரல் தெரிந்தது. ஆனால் மைதானத்துக்குத் திரும்பிய முதல் நாளே, எதிரணிக்குள் பாடிக்கொண்டு போனவளின் பாட்டு நடுவில் அறுந்தது. பிடிபட்டு மண்ணில் கிடந்தாள். மறுநாளும் அதே இடத்தில் அறுந்தது, அதற்கடுத்த வாரமும்.

மறுபடியும் மருத்துவரிடம் போனாள்.

"எல்லாம் முழுசா இருக்கேம்மா."

"இருக்குதுங்க. ஆனா பாட்டு பாதியில அந்து போயிடுதுங்க, டாக்டர்."

"பாட்டா? நீங்க பாடகியா?"

"இல்லீங்க, கபடி."

"ஓ..." அவர் கனிவாகப் புன்னகைத்தார். "வீட்டு வேலை செய்ய, மாடி ஏற, குழந்தையைத் தூக்க, இதுக்கெல்லாம் இது தாராளம்மா."

ஒரு பெண்ணின் மூச்சு எதற்கெல்லாம் போதுமானதாக இருந்தால் போதும் என்பதை யாரோ எங்கோ முடிவுசெய்து வைத்திருக்கிறார்கள் என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. அணியிலிருந்து விலகி, பக்கத்துப் பள்ளியில் பெண்களுக்குப் பயிற்சி கொடுக்கத் தொடங்கினாள். முன்னால் ஓடிக் காட்டவும், இரண்டு அடி பாடிக் காட்டவும் மிச்சமிருந்த மூச்சு போதுமாக இருந்தது. அந்த மிச்சத்தில்தான் அவள் உயிர் இருந்தது.

*

பஞ்சுத் தூசியும் விடாத சிகரெட்டும் சேர்ந்து லோகநாதனின் நெஞ்சை அரித்துத் தீர்த்தபோது, வீட்டில் ஒருவரும் நறுமுகையிடம் எதையும் கேட்கவில்லை.

அதற்குப் பதிலாக, காலை உணவின்போது அவள் தட்டில் இட்லிகள் கூடின.

"இன்னொண்ணு வெச்சுக்கோ அம்மிணி. உடம்பு முக்கியம்."

"போதுமுங்க அத்தை."

"டாக்டர் நேத்துக் கூப்பிட்டாரு. மாமாவுக்கு ரொம்ப நாள் தள்ளக்கூடாதுங்கறாரு." புவனேஸ்வரி சட்னியை ஊற்றினாள். "நாங்க ஒண்ணும் சொல்லலைன்னுட்டோம். அவ ஏற்கெனவே குடுத்த புள்ள, அவகிட்ட எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுக் கேக்கறதுன்னு மாமாவே சொல்லிப்போட்டாரு."

கட்டிலில் ஆக்சிஜன் குழாயோடு சாய்ந்திருந்த லோகநாதன் கையை அசைத்தார். "அந்தப் பேச்சே... வேண்டாம் புவனா. என் விதி... எப்படியோ... ஆவட்டும்."

நறுமுகையின் கணவன் ஆதிரன் கைப்பேசியிலிருந்து தலை நிமிர்த்தினான். "அதெல்லாம் முழுக்க அவ இஷ்டந்தான்ம்மா. நான் ஒரு வார்த்தை சொல்லமாட்டேன்."

"உங்களுக்கு ரத்தம் சேருதாமுங்களா?" என்று நறுமுகை அவனிடம் கேட்டாள்.

"எனக்கா?" அவன் அந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. "சேருதுதான். எனக்கும் தம்பி மிதுனுக்கும் அப்பா ரத்தந்தானே. ஆனா மில்லு இருக்குதே... ரெண்டு மாசம் படுத்துட்டா யாரு பாக்கறது?"

"அவன் ஆம்பளப் புள்ளை, நாலு எடம் போகணும் வரணும்," என்றாள் புவனேஸ்வரி அவசரமாக. பிறகு மருமகளின் தலையை வருடினாள். "நீ ஒண்ணும் மனசுல வெச்சுக்காதே கண்ணு. உனக்கு எப்படித் தோணுதோ அப்படிப் பண்ணு."

எல்லோரும் அவ்வளவு மரியாதையாக இருந்தார்கள். அந்த மரியாதை நாளுக்கு நாள் வளர்ந்து வீட்டுக் கதவையெல்லாம் அடைத்துக்கொண்டு நின்றது. ஒருநாள் காலையில் நறுமுகை தானாகவே, "ஆஸ்பத்திரிக்குப் போலாமுங்க அத்தை" என்று சொல்லிவிட்டாள். அடுத்த மணிநேரத்துக்குள் அவளுடைய தாய்க்குத் தொலைபேசி போயிற்று, சீருக்கு நாள் பார்க்கச் சொல்லி.

*

தானம் தருகிறவரைத் தனியே விசாரிக்க வேண்டும் என்பது சட்டம். அதற்காகவே நியமிக்கப்பட்ட மனநல மருத்துவர் ஹாஜிரா, கதவைத் தாழிட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

"யாராவது உங்களைக் கட்டாயப்படுத்தினாங்களா?"

"இல்லீங்க."

"மிரட்டினாங்களா? பேசாம இருந்தாங்களா?"

"ஐயோ, அதெல்லாம் இல்லீங்க. தங்கமா வெச்சுக்கறாங்க."

"சரி. உங்ககிட்ட எப்படிக் கேட்டாங்க?"

"கேக்கவே இல்லீங்க." சொல்லி முடிப்பதற்குள் நறுமுகைக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு பாதியில் வேறொன்றாக மாறிவிட்டது. "அதுதானுங்க டாக்டர்... கேட்டிருந்தா மாட்டேன்னு சொல்லியிருப்பேன். ஒரு வார்த்தைகூடக் கேக்காம இருந்தா, எதுக்குங்க நான் மாட்டேன்னு சொல்றது?"

ஹாஜிரா மேசையிலிருந்த தண்ணீரை அவள் பக்கம் நகர்த்தினார்.

"நான் கேக்கறேன். தர்றீங்களா?"

"மாட்டேனுங்க."

அந்தச் சொல்லைச் சொல்ல அவளுக்கு அதிக மூச்சு தேவைப்படவில்லை என்பது அவளுக்கே வியப்பாக இருந்தது.

"நல்லது. பொருந்தலைன்னு எழுதிடறேன். வெளியே கேட்டா, ரத்தத்துல ஏதோ ஒண்ணு சேரலையாம்னு சொல்லுங்க. இது சட்டமே அனுமதிக்கிற பொய். உங்களுக்கும் எனக்கும் தவிர யாருக்கும் தெரியாது."

"இப்படி நிறையப் பேருக்கு எழுதுவீங்களா?"

"நிறைய. பொருந்தலைன்னு இங்கேருந்து அழுதுக்கிட்டே போற மாதிரிப் போவாங்க. அதுல பாதிப் பேருக்கு நல்லாவே பொருந்தும்."

"ஆம்பளைங்களுக்கு?"

"அவங்களுக்கு எழுதற வேலையே எனக்கு வந்ததில்லை. இந்த அறை வரைக்கும் வந்தாத்தானே?" ஹாஜிராவின் குரல் முதல் முறையாகச் சூடேறியது. "நான் வேலைக்குச் சேர்ந்தப்போ வேற வேலைம்மா. ரோட்டுல அடிபட்டு மூளைச்சாவு ஆனவங்க வீட்டுக்காரங்க முன்னாடி போய்க் கையெடுத்துக் கும்பிட்டு நிப்போம். திட்டுவாங்க, அழுவாங்க, அப்புறம் நாலு வீட்டுல ஒரு வீடு சரின்னு சொல்லும். இப்ப அந்தச் சிரமத்தை யாரும் எடுக்கறதில்லை. அந்தப் பிரிவையே மூடியாச்சு. இறந்தவங்ககிட்ட கேக்கறதைவிட வீட்டுல இருக்கறவகிட்ட கேக்காம இருக்கறது சுலபமாப் போச்சு."

நறுமுகைக்குப் போன ஆண்டு நினைவுக்கு வந்தது. புவனேஸ்வரியின் தம்பி பைக் விபத்தில் மூளைச்சாவு அடைந்து கிடந்தபோது, தானம் தரலாமா என்று நறுமுகைதான் மெதுவாகக் கேட்டாள். "கூறுபோட்டா அனுப்பறது? முழுசா அனுப்போணும்" என்று குடும்பமே கொதித்தெழுந்தது. ஆரோக்கியமான இரண்டு நுரையீரல்களும் அவரோடு மின்தகனத்தில் எரிந்து போயின. செத்தவரை முழுதாக அனுப்ப வேண்டும். உயிரோடிருப்பவளைத் துண்டு துண்டாக வைத்துக்கொள்ளலாம். இந்த நியாயத்தை எழுதியவர் யார் என்று அவளுக்கு அன்றைக்குக் கேட்கத் தோன்றவில்லை. இன்று தோன்றியது.

*

"பொருந்தலையா?" என்று வீட்டார் கேட்டார்கள். ஒருவரும் கோபப்படவில்லை. புவனேஸ்வரி ஹார்லிக்ஸ் கலந்து கொடுத்தாள். "பாவம், அம்மிணி மனசு என்ன பாடுபடுதோ" என்று பக்கத்து வீட்டில் சொன்னாள். தப்பித்தேன் என்று நறுமுகை இரண்டு நாள் நிம்மதியாகத் தூங்கினாள்.

மூன்றாம் நாள், மிதுனுக்கு வரன் கொண்டு தரகர் வந்தார்.

"தாராபுரத்துல நல்ல எடமுங்க. பொண்ணு பேரு இனியா. நீச்சல்ல மாநில அளவுல மெடலு. தண்ணிக்குள்ள போச்சுன்னா வெளிய வரவே மறந்துடுமாமுங்க!"

"அப்படீங்களா!" என்றாள் புவனேஸ்வரி. அவள் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. ஒட்டன்சத்திரத்தில் பந்து உச்சியில் நின்றபோது வந்த அதே வெளிச்சம். "ரத்த வகை என்னங்க?"

அடுப்படியில் நின்ற நறுமுகையின் கை கரண்டியோடு நின்றுபோயிற்று. மாட்டேன் என்று தான் சொன்ன சொல்லை ஹாஜிரா மூடி வைத்தார். மூடியதனால் அது இந்த வீட்டுக்குள் நுழையவேயில்லை. கேட்கப்படாத கேள்வி அப்படியே இருந்தது. தன்னைத் தாண்டி அது அடுத்தவளைத் தேடிக்கொண்டு தாராபுரம் போகிறது, அவ்வளவுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே பெண் பார்க்கப் புறப்பட்டார்கள். லோகநாதன் மடியில் கையடக்க ஆக்சிஜன் பெட்டியோடு முன்னிருக்கையில் இருந்தார். தம்பி மிதுன், சட்டைக் கை புடைக்க உடற்பயிற்சி செய்கிறவன், வழியெல்லாம் வாய் ஓயவில்லை.

"அண்ணி, நாளைக்குச் சண்டை வந்து அவ என்னை அமராவதி ஆத்துல தள்ளிவிட்டா என்ன பண்றது? எனக்கு நீச்சல் தெரியாதே!"

"அப்பப் பாத்துக்கலாம், விடுங்க தம்பி," என்றாள் நறுமுகை. அவள் மடியில் தாம்பாளம் இருந்தது. குழாயை எடுத்து நீட்டுவது மூத்த மருமகளின் முறை.

இனியா வந்து நமஸ்கரித்து உட்கார்ந்தாள். அகன்ற தோள்கள், குளோரின் தண்ணீரில் வெளிறிய முடி. அவள் பார்வை தாம்பாளத்துப் பந்தின்மீது விழுந்ததும் உதட்டோரம் ஒரு சிறு நகை மலர்ந்தது. அந்த நகையை நறுமுகை அறிவாள். சமையலறை வாசலில் நின்ற இனியாவின் தாய், மகளுக்குக் கண்ணால் ஜாடை காட்டினாள். மகள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"சும்மா ஒரு விளையாட்டுக்குத்தானுங்க" என்று புவனேஸ்வரி தொடங்கினாள்.

நறுமுகை குழாயை எடுத்தாள். இனியாவின் கை நீண்டுவிட்டது. அவளைக் கடந்துபோய் மிதுனிடம் நீட்டினாள்.

"முதல்ல நீங்க ஊதுங்க தம்பி."

கூடம் கொல்லென்று சிரித்தது. "என்னங்க அண்ணி, ஆளு மாறிப்போச்சு!" என்றான் மிதுன்.

"விளையாட்டுத்தானுங்களே. மாப்பிள்ளை நெஞ்சு எப்படின்னு பொண்ணும் பாக்கட்டும்."

"ஆமாங்க, ஊதுங்க!" என்றாள் இனியா உற்சாகமாக. "அப்புறம் நான் ஊதறேன். யாரு பந்து அதிகமா நிக்குதுன்னு பாத்துடலாம்."

பெண்ணே சவால் விட்ட பிறகு மிதுன் விடுவானா? சட்டைக் கையை மடித்துக்கொண்டான். நறுமுகை ஒட்டன்சத்திரத்தில் செய்த அதே பிழையை, அதே பெருமையோடு, முழு நெஞ்சால் செய்தான். பந்து 'டக்'கென்று உச்சி மூடியில் மோதியது. நின்றது. நின்றுகொண்டே இருந்தது.

இனியா கைதட்டினாள். அவள் ஒருத்தி மட்டும்தான் தட்டினாள்.

பந்து இறங்கிய அமைதியில் நறுமுகை பேசினாள். குரலை உயர்த்தவில்லை.

"மாமா, மன்னிச்சுக்குங்க. எனக்குப் பொருந்தலைன்னு சொன்னது பொய்யுங்க. பொருந்துச்சு. நான் மாட்டேன்னு சொன்னேன். ஒரு தடவை சந்தோசமாக் குடுத்தேன். குடுத்தது திரும்ப வரலைங்க. படத்துலதான் வந்திருக்குது. தம்பிக்கும் உங்க ரத்தம், உங்க பெரிய மகனுக்கும் உங்க ரத்தம். நெஞ்சு எப்படின்னு இப்பத்தான் எல்லாரும் பாத்தோம். அவங்களும் மாட்டேன்னு சொல்லலாமுங்க, அதுல தப்பில்லை. ஆனா யாராச்சும் அவங்களைக் கேளுங்க. அவங்க வாயால சொல்லட்டும். அதுக்கப்புறம் இந்தக் குழாயை இந்தப் புள்ளைகிட்ட நீட்டலாம்."

"அம்மிணி!" புவனேஸ்வரியின் குரல் இறுகியது. "எடம் பொருள் தெரியாம..." மேலே பேச முடியாமல் அவள் நெஞ்சு ஏறி இறங்கியது. தன்னுடைய மூச்சுதான் தன்னை அதட்டுகிறது என்று நறுமுகை நினைத்தாள். அந்த நினைப்பில் அவளுக்கு வருத்தம் இருந்தது, பயம் இல்லை.

ஆதிரன் தரையைப் பார்த்தான். இனியா தாம்பாளத்தையும் நோயாளியின் ஆக்சிஜன் பெட்டியையும் மாறிமாறிப் பார்த்தாள். நீட்டியிருந்த கையை மெல்ல மடிக்குள் எடுத்துக்கொண்டாள்.

லோகநாதன் மூக்கிலிருந்த குழாயைச் சரிசெய்துகொண்டார். மஞ்சள் பந்திலிருந்து பார்வையை எடுத்து இளைய மகனைப் பார்த்தார். தன் வாழ்நாளில் யாரிடமும் அவர் கேட்டிராத ஒன்றை, ஒவ்வொரு சொல்லுக்கும் நின்று நின்று, எல்லோர் முன்னிலையிலும் கேட்டார்.

"மிதுனு... அப்பனுக்கு... நீ தர்றியா?"

சற்றுமுன் பந்தை உச்சியில் நிறுத்தி வைத்தவனுக்கு, ஒரு சொல் சொல்ல மூச்சு வரவில்லை.